மூழ்கியும் பிழைக்கும் நெல்



2024 டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயல் தந்த மழை அது. வயல் எது, வரப்பு எது என்று தெரியாமல் போன அந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள்.

மூழ்கிய நெல்லுக்குள் எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் சேரும். அதன் தூண்டுதலால் சாதாரண ரகம் உடனே நீர்மட்டத்தைத் தாண்டி வளரப் பார்க்கும். வளர வளர, சேமித்த மாவுச்சத்து தீர்ந்துபோகும். தண்ணீர் வடிந்ததும் நிமிர்ந்து நிற்கத் தெம்பிருக்காது, சாய்ந்து அழுகிவிடும்.

ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ நெல் அப்படியல்ல. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். அதற்குக் காரணம் சப்1ஏ என்ற மரபணு என்று 2006இல் கெனாங் சூ, பமேலா ரொனால்ட், டேவிட் மேக்கில் ஆகியோரின் குழு கண்டறிந்தது.

அந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதம், மற்ற மரபணுக்களை முடுக்கிவிடவும் அடக்கவும் செய்யும். செல்லுக்குள் டிஎன்ஏ, ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. அதற்குள் தனக்குரிய சில எழுத்துகளை இந்தப் புரதம் தேடிப் பிடித்தாக வேண்டும். இதன் குடும்பப் புரதங்களில் ஏறக்குறைய 60 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள மூன்று இழைகள் அடுத்தடுத்துப் படுத்து ஒரு தகடாகி, டிஎன்ஏவின் அகன்ற பள்ளத்தில் உள்ளங்கைபோலப் பதிகின்றன.

பிடித்தால் மட்டும் போதாது. என்னை வியக்க வைப்பது இந்தப் புரதத்தின் 186ஆவது இடம்தான். வெள்ளத்தைத் தாங்கும் வடிவத்தில் அங்கே செரீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. தாங்காத வடிவத்தில் புரோலின். செரீனில் பாஸ்பேட் ஒட்டும், புரோலினில் ஒட்டாது. எம்பிகே3 என்ற நொதி தாங்கும் வடிவத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்றும், அந்தப் புரதம் திரும்பிப்போய் எம்பிகே3 மரபணுவையே பிடித்து முடுக்குகிறது என்றும் இந்திய ஆய்வாளர்கள் பல்லவி சிங், அலோக் கிருஷ்ண சின்கா 2016இல் காட்டினார்கள். ஒன்றையொன்று தூண்டிக்கொள்ளும் இந்தச் சுழற்சிதான் பயிரை அடங்கியிருக்க வைக்கிறது.

இதே மரபணுவை, நம் விவசாயிகளுக்குப் பழகிய சி.ஆர். 1009 ரகத்தில் ஒட்டுச்சேர்க்கை மூலம் கொண்டுவந்ததுதான் சி.ஆர். 1009 சப் 1. நீண்டகாலச் சம்பா ரகம். தூர் கட்டும் பருவத்தில் வெள்ளம் வந்தால் காப்பாற்றும். பூத்த பிறகு வரும் வெள்ளத்துக்கு இதை நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த நிலம் வைத்திருப்பவர்கள், விதை எடுக்கும் முன் உங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் இந்த ரகத்தைக் கேட்டுப் பாருங்கள்.