அடிச்சு ஆடலாமா, அடங்கி ஆடலாமா? போக்கர் டோர்னமென்ட்ல நான் கட்டின ஃபீஸ்

போன எபிசோடுல டேட்டாபேஸ் பத்திப் பேசி உங்கள்ல பாதிப் பேரைத் தூங்க வச்சுட்டேன்னு என் ரூம்மேட்டே சொன்னான். அதனால இன்னைக்கு சீட்டாட்டம். குறிப்பா, நோ லிமிட் ஹோல்டெம் போக்கர் டோர்னமென்ட்ல அடிச்சு ஆடுறது எப்போ லாபம், எப்போ முட்டாள்தனம்னு பார்க்கப் போறோம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: பணம் கட்டி ஆன்லைன்ல ஆடுறதை 2025ல நாடாளுமன்றம் நிறைவேற்றின சட்டம் நாடு முழுக்கத் தடை பண்ணியிருக்கு. எந்த ஆப்பையும் நான் சிபாரிசு பண்ணல. நான் ஆடினது கோவால, நேர்ல, மேஜையில உட்கார்ந்து.

நண்பர்களோட போன ட்ரிப். நுழைவுக் கட்டணம் 15,000 ரூபாய். எனக்கு அது சின்னத் தொகை இல்ல, ஆறு மாசமா தனியா எடுத்து வச்ச காசு. 70 பேர் ஆடினாங்க, முதல் 10 பேருக்குப் பரிசு, பத்தாவது ஆளுக்கே 30,000. ராத்திரி ஒன்றரை மணிக்கு 11 பேர் மிச்சம். அதாவது இன்னும் ஒரே ஒரு ஆள் வெளிய போனா மீதி எல்லாருக்கும் காசு. இந்தக் கட்டத்தை பபிள்னு சொல்வாங்க.

என்கிட்ட சுமார் 1,50,000 சிப்ஸ். பிளைண்ட் 3,000, 6,000. ஆன்ட்டி 6,000. பக்கத்து மேஜையில ஒருத்தர்கிட்ட வெறும் 18,000தான் இருக்கு. பிளைண்ட் அவர்கிட்ட வந்தா கதை முடிஞ்சிரும். நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாலே 30,000 அநேகமா உறுதி.

அப்போ என் மேஜையில ஒரு பெரியவர், அறுபது வயசு இருக்கும், மும்பைக்காரர், 15,000க்கு ரெய்ஸ் பண்றார். அவர்கிட்ட ரெண்டு லட்சத்துக்கு மேல சிப்ஸ். நான் பிக் பிளைண்ட்ல. சீட்டைத் தூக்கிப் பார்த்தா ஏஸ், அஞ்சு. ரெண்டும் ஸ்பேடு. நான் ஆல்-இன்.

ஏன் அப்படிப் பண்ணேன்? படிச்சிருக்கோம்ல, அந்தத் திமிர்தான். என் கையில ஒரு ஏஸ் இருந்தா, எதிராளிகிட்ட ரெண்டு ஏஸ் இருக்கக்கூடிய வழிகள் ஆறுலேர்ந்து மூணாக் குறையும். ஏஸ்-கிங் இருக்கக்கூடிய வழிகள் 16லேர்ந்து 12 ஆகும். அதனால அவர்கிட்ட பெரிய கை இருக்க வாய்ப்பு குறைவு, பபிள் வேற, கண்டிப்பா ஃபோல்ட் பண்ணுவார். இதெல்லாம் என் மண்டையில மூணு செகண்ட்ல ஓடின கணக்கு.

அவர் மூணு செகண்ட்கூட எடுத்துக்கல. "கால்"னு சொல்லி கிங், ஜாக்கைத் திருப்பிப் போட்டார். அது என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். முதல்ல, அடிச்சு ஆடுறதுல உண்மையிலேயே என்ன பலன் இருக்குன்னு பார்த்துடலாம். ஏன்னா பலன் நிறைய இருக்கு.

நல்ல சீட்டு வர்ற வரைக்கும் காத்திருக்கேன்னு ஒருத்தர் முடிவு பண்றார்னு வச்சுக்கோங்க. கையில 20,000 சிப்ஸ். பிளைண்ட் 500, 1,000, ஆன்ட்டி 1,000. ஒரு சுத்துக்கு 2,500 தானா கரையும். எட்டு சுத்துல மொத்தமும் காலி. ஒன்பது பேர் மேஜைன்னா அது 72 கை. ரெண்டு ஏஸ், ரெண்டு கிங், ரெண்டு குயின், இல்ல ஏஸ்-கிங், இந்த நாலுல ஏதாவது ஒண்ணு வர்றது சராசரியா 39 கைக்கு ஒரு தடவை. அப்போ அந்த 72 கையில ரெண்டு தடவைகூட முழுசா வராது. வந்தாலும், ராத்திரி முழுக்க ஆடாத மனுஷன் திடீர்னு ரெய்ஸ் பண்ணா எல்லாரும் எழுந்து ஓடிடுவாங்க. கிடைக்கிறது அதே 2,500. இதுல பிளைண்ட் வேற 20 நிமிஷம், 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறிக்கிட்டே போகும். காத்திருக்கிறது பாதுகாப்புன்னு தோணும், ஆனா அதுவும் தோக்குற வழிதான், கொஞ்சம் மெதுவா.

அடிச்சு ஆடுறவருக்கு ஜெயிக்க ரெண்டு வழி. எதிராளி ஃபோல்ட் பண்ணலாம், இல்ல கடைசியில நம்ம சீட்டு பெருசா இருக்கலாம். கால் பண்றவருக்கு ரெண்டாவது வழி மட்டும்தான். அதே பிளைண்ட்ல 2,200க்கு ரெய்ஸ் பண்றேன்னு வைங்க. நடுவுல ஏற்கனவே 2,500 கிடக்கு. 2,200ஐ 4,700ஆல வகுத்தா சுமார் 47 சதவீதம். அதாவது நூத்துக்கு 47 தடவை எல்லாரும் ஃபோல்ட் பண்ணாலே எனக்கு நஷ்டம் இல்ல, என் சீட்டு எவ்ளோ குப்பையா இருந்தாலும்.

இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் 2003 வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட். லாஸ் வேகஸ், 839 பேர், ஆளுக்கு 10,000 டாலர். டென்னஸீயைச் சேர்ந்த அக்கவுன்டன்ட் கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைன்ல சின்னத் தொகை கட்டி ஜெயிச்ச சாட்டிலைட் மூலமா உள்ள வந்தவர். நிஜமாவே அவர் பேர் மணிமேக்கர்தான். கடைசி ரெண்டு பேர்ல எதிர்ல சாம் ஃபார்ஹா, பெரிய புரொஃபெஷனல். ஒரு கையில மணிமேக்கர்கிட்ட கிங், ஏழு. ஃப்ளஷும் வரலாம், ஸ்ட்ரெய்ட்டும் வரலாம்னு இருந்து, கடைசி சீட்டுல ரெண்டும் வரல. கையில ஒண்ணுமே இல்ல. ஆல்-இன்னு தள்ளிட்டார். ஃபார்ஹாகிட்ட ஒன்பது ஜோடி இருந்துச்சு, அதுதான் ஜெயிக்கிற கை. ஃப்ளஷ் வராமப் போச்சான்னு அவர் வாய்விட்டே கேட்டார். சரியாத்தான் கண்டுபிடிச்சார். கேட்டுட்டு, ஃபோல்ட் பண்ணிட்டார். கொஞ்ச நேரத்துல மணிமேக்கர் 25 லட்சம் டாலரோட சாம்பியன்.

இந்தக் கதையை தைரியத்துக்கு உதாரணமா சொல்றாங்க. எனக்கு அதுல வேற ஒண்ணு தெரியுது. அந்த ப்ளஃப் வேலை செஞ்சதுக்குக் காரணம் எதிர்ல இருந்தது ஃபார்ஹா. அவர் யோசிக்கத் தெரிஞ்சவர், ஒன்பது ஜோடியைத் தூக்கிப் போடத் தெரிஞ்சவர். எங்க பெரியப்பாகிட்ட அதே ப்ளஃப்பைப் போட்டிருந்தா, "ஜோடி இருக்குடா"ன்னு கால் பண்ணியிருப்பார்.

டோர்னமென்ட்ல இன்னொரு சிக்கல் சேருது. சாதாரணமா காசு வச்சு ஆடுற ஆட்டத்துல ஒரு சிப் ஒரு ரூபாய்னா ஒரு ரூபாய்தான். தோத்தா இன்னும் கொஞ்சம் வாங்கிக்கலாம். டோர்னமென்ட்ல அப்படி இல்ல. சிப்ஸ் இரட்டிப்பானா அதோட மதிப்பு இரட்டிப்பாகாது. சிப்ஸ் போச்சுன்னா எல்லாமே போச்சு. இதைக் கணக்குப் போடுற முறைக்கு ஐ.சி.எம்னு பேரு. சின்ன உதாரணம் சொல்றேன். நாலு பேர் மிச்சம், மூணு பேருக்கு ஆளுக்கொரு டிக்கெட், எல்லார்கிட்டயும் சமமான சிப்ஸ். பிளைண்டை விட்டுடுவோம். சும்மா இருந்தாலே உங்களுக்கு டிக்கெட் கிடைக்க 75 சதவீத வாய்ப்பு. இப்போ ஒருத்தர் சீட்டையே பார்க்காம ஆல்-இன் பண்றார். நீங்க கால் பண்ணி ஜெயிச்சா ஒரு டிக்கெட், தோத்தா பூஜ்யம். அப்போ கால் பண்ண உங்களுக்கு 75 சதவீதத்துக்கு மேல ஜெயிக்கிற கை வேணும். ஏஸ்-கிங் கண்ணை மூடிட்டு வர்ற எந்த ரெண்டு சீட்டுக்கு எதிராவும் 65 சதவீதத்தைச் சுத்திதான் ஜெயிக்கும். ரெண்டு பத்து இருந்தா சரியா 75. அதாவது எதிராளி சீட்டையே பார்க்கலைன்னு தெரிஞ்சும், ஏஸ்-கிங்கைத் தூக்கிப் போடணும்!

இதை முதல் தடவை பேப்பர்ல போட்டுப் பார்த்தப்போ எனக்குத் தூக்கம் வரல. தள்ளுறவனுக்கு இது எவ்ளோ பெரிய ஆயுதம் பாருங்க. 2015 மெயின் ஈவென்ட் இறுதி மேஜைக்கு ஜோ மெக்கீஹன் வந்தப்போ ஆட்டத்துல இருந்த மொத்தச் சிப்ஸ்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அவர்கிட்ட. அவரோட மோதினா மத்தவங்கதான் வெளிய போகணும், அவர் போக மாட்டார். ஒவ்வொரு இடத்துக்கும் பரிசு லட்சக்கணக்குல ஏறுற மேஜையில யார் கால் பண்ணுவா? அந்த சிப்ஸைக் கடைசி வரைக்கும் கைவிடாமலே ஜெயிச்சார்.

ஆனா அதே ஆயுதம் திரும்பியும் வெட்டும். உங்களைவிட அதிகச் சிப்ஸ் வச்சிருக்கிறவர் மேல பாயும்போது, வெளிய போற ஆபத்து உங்களுக்குத்தான், அவருக்கு இல்ல. சரி, ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் 60 சதவீத வாய்ப்புன்னு வச்சுக்கங்க. அப்படி அஞ்சு தடவை மொத்தத்தையும் பணயம் வச்சா, அஞ்சையும் தாண்டுறது நூத்துக்கு எட்டு தடவைதான். சேவாக் மாதிரி ஆடுறேன்னு சொல்லலாம். சேவாக்குக்கு ரெண்டாவது இன்னிங்ஸ் உண்டு.

சரி, பெரியவர்கிட்ட வருவோம். கிங்-ஜாக்குக்கு எதிரா என் ஏஸ்-அஞ்சு சுமார் 60 சதவீதம் முன்னாடி. ஃப்ளாப்ல ஒண்ணும் இல்ல. டர்ன்ல கிங். ரிவர்ல எனக்கு உதவி இல்ல. 11ஆவது இடம். பக்கத்து மேஜையில 18,000 வச்சிருந்தவர் எழுந்து நின்னு கை தட்டினார். பாவம், சந்தோஷத்துல.

பெரியவர்கிட்ட கை குடுத்துட்டு, அரைகுறை ஹிந்தியில கேட்டேன். "அங்கிள், பபிள்ல கிங்-ஜாக் வச்சுக்கிட்டு ஒரு லட்சத்துக்கு மேல எப்படி கால் பண்ணீங்க?" அவருக்கு பபிள்ங்கிற வார்த்தையே புரியல. விளக்கினேன். சிரிச்சார். "பேட்டா, காசு கட்டுன அப்பவே அது போயாச்சு. நான் சீட்டாட வந்தேன்"னார்.

ஹோட்டல் ரூமுக்குப் போய் லேப்டாப்ல அந்தக் கையை ஓட்டிப் பார்த்தேன். அவர் ஒழுங்கா ஃபோல்ட் பண்ற ஆளா இருந்தா என் ஆல்-இன் தாங்கும்னு வந்துச்சு. கிங்-ஜாக்கோட கால் பண்ற ஆளா இருந்தா தாங்கவே இல்ல. கணக்கு முழுக்க ஒரே ஒரு எண்ணை நம்பி நின்னுச்சு, அவர் எத்தனை தடவை ஃபோல்ட் பண்ணுவார்ங்கிற எண். அந்த எண்ணை நான் மேஜையைப் பார்த்துப் போடல, படிச்ச வீடியோலேர்ந்து எடுத்துப் போட்டேன். நாலு மணி நேரம் அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். யாரோட ரெய்ஸுக்கும் அவர் ஃபோல்ட் பண்ணி நான் பார்த்ததே இல்ல. அது எனக்கு ஞாபகம் வந்தது ரூம்ல, மூணு மணிக்கு.

அதுக்கப்புறமும் நான் அடிச்சுத்தான் ஆடுறேன், பெங்களூர்ல நண்பர்களோட, காசு இல்லாம. ஆனா முதல் ஒரு மணி நேரம் ஃபோன்ல ஒரு நோட் வச்சுக்கிட்டு யார் யார் ஃபோல்ட் பண்றாங்கன்னு மட்டும் எழுதுறேன். எப்பவுமே ஃபோல்ட் பண்ணாத மூணு பேர் இருக்காங்க. அவங்ககிட்ட ப்ளஃப் கிடையாது, நல்ல கை வந்தா பெருசா பந்தயம், அவ்ளோதான். என் ரூம்மேட் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கு. இந்த எபிசோடை அவன் எடிட் பண்ணும்போதுதான் அது அவனுக்கே தெரியப் போகுது.

அடுத்த வாரம் பார்க்கலாம்.