தொட்டி மீனும் நம் கிணற்று நீரும்
(மாதனூரில் ஆற்றிய உரை)

தொட்டி மீனின் உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றுமாயின், அஃது ஓர் ஒட்டுண்ணியின் வேலை. தோலுக்குள் உறையும் பருவத்தில் மருந்து அதனைத் தீண்டாது. அடியில் விழுந்து நூற்றுக்கணக்காய்ப் பெருகி, அக்குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும்போதுதான் மடியும். ஆகவே, புள்ளி மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்தலாகாது. மேலும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் நலம். ஆனால், பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் கழிவுநீரின் உப்பு ஊறியுள்ளது. 1996-இல் உச்ச நீதிமன்றமே இம்மாசு குறித்துத் தீர்ப்பளித்தது. அத்தகைய நீரில் அளவறியாது உப்பிட்டால் மருந்தே தீங்காகும். முதலில் நீரைச் சோதியுங்கள். மீனுக்கு ஆகாத நீர் நமக்கு ஆகுமா என்பதையும் சிந்தியுங்கள்.