சிவப்புதான் முதலில் போகும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஹெப்பகோடி தெரிந்திருக்கும். எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சற்று முன்னால் வரும். அங்கே சாலையோரத்தில் பழைய ஃப்ளெக்ஸ் ஏதாவது கண்ணில் பட்டால் உற்றுப் பாருங்கள். படத்தில் சிரிக்கிறவரின் முகம் நீலம் பாய்ந்திருக்கும். கறுப்பு எழுத்து மட்டும் அப்படியே நிற்கும்.

காரணம் வெயில். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் சாயத்தைச் சிதைக்கிறது. மலிவான மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். கொடியில் தினமும் காய்கிற சிவப்புச் சேலை வெளுக்கிறதே, அதே சங்கதிதான்.

ஆமாம், சிவப்புதான் முதலில் போகும். ஆனால் பளிச்சென்று தெரியட்டும் என்று போன் நம்பரையே சிவப்பில் போடச் சொல்கிறார்கள். பாடுபட்டுக் கடை வைத்தவருக்கு அது நஷ்டம்.

அந்தக் காலத்து எனாமல் தகடுகள் வேறு ரகம். கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் உலையில் சுட்டு உருக்கிப் பிடிக்க வைத்தவை. நிறம் லேசில் வெளுக்காது. ஆணி அடித்த ஓட்டையில் பூச்சு தெறித்தால்தான் துரு உள்ளே நுழையும்.

கடைக்குப் புதுப் பலகை எழுதுகிறீர்களா? நம்பரைக் கறுப்பில் போடச் சொல்லுங்கள்.