வயல் ஏன் தரிசாகிறது?

ராமநாதபுரம் பக்கம் பஸ்ஸில் போனால், வயல் இருந்த இடங்களில் சீமைக்கருவேலம் நிற்கும். உழவருக்குச் சோம்பலா? இல்லை, கணக்கு.

உழவு, விதை, களையெடுப்பு, அறுப்புக்கூலி எல்லாம் கைக்காசு. மழை ஏமாற்றினால் போட்டது போச்சு. சும்மா விட்டால் நட்டமில்லை. கருவேலம் தானாக வளரும். சில வருஷத்தில் கரிமூட்டம் போடுபவருக்கு வெட்டக் கொடுத்தால் காசு. கணக்குதானே!

இன்னொன்று, இதுதான் பெரிசு. பக்கத்து வயல் தரிசானால் உங்கள் வயலுக்கும் ஆபத்து. பத்துப் பேர் தூர்வாரிய வாய்க்காலை இரண்டு பேர் வார முடியுமா? பன்றியும் மயிலும் மிச்சமிருக்கும் பயிரைத்தான் தேடி வரும். அடுத்த வருஷம் நீங்களும் விதை வாங்க மாட்டீர்கள்.

மனம் மாறித் திரும்பி வந்தாலோ, கருவேல வேரைத் தோண்ட ஜேசிபி வாடகை. உழவுக்கு முன்னாலேயே செலவு!