எத்தாளைக்கு மறுபடியும் போனபோது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்பனி ஊழியர்கள் தொண்டர்களாகப் போய் வசதி குறைந்த பாடசாலைகளுக்கு உதவுவது பற்றிப் பதினைந்து நிமிடம் பேசும்படி சங்கச் செயலாளர் எங்களிடம் கேட்டார். பெருமையாகப் பேசக்கூடிய தலைப்புத்தான். ஆனால் எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் சேர்ந்து எத்தாளைப் பக்கம் செய்த வேலை ஒரு பிழையில்தான் தொடங்கியது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இந்த உரை மலரில் வரும்போது தூர தேசங்களில் இருந்து வாசிக்கும் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் கடந்து, கற்பிட்டி வீதியில் இன்னும் போனால் எத்தாளை. நாட்டுக்கு 900 மெகாவாற் மின்சாரம் தரக்கூடிய நிலையத்துக்கு அப்பால் இருக்கிற ஊர். வீதியோரமெல்லாம் வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் பயிராகும் மணல் தோட்டங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. தோட்டக் கூலிக்கும் மீன் வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள் போன பாடசாலையில் அதிகம். பாடசாலையின் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளை யாரும் "உதவி வாங்கிய பிள்ளைகள்" என்று அடையாளம் காட்டுவதை நாங்கள் விரும்பவில்லை.

எங்களில் ஒருத்தி கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறாள். வருடத்துக்கு ஒருநாள் ஊழியர்கள் சமூக சேவைக்குப் போக வேண்டும் என்று அங்கே ஏற்பாடு. இடம் தேடினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வரட்டுமே என்று நாங்கள் முந்திக்கொண்டு எத்தாளையைச் சொன்னோம். பஸ் நிறைய ஆட்கள் ஒரே நிற டீசேர்ட்டோடு வந்து இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள், உற்சாகமானவர்கள். அதிகாலையிலேயே புறப்பட்டும் வழியில் தாமதமாகிப் பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். எட்டு மணியிலிருந்து வரவேற்புக்காக மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். வெயிலில் ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை. வைத்தியர்கள் என்று வந்த எங்களுக்குக் கிடைத்த முதல் நோயாளி, எங்கள் நிகழ்ச்சியாலேயே விழுந்தவள்.

பிறகு பேச்சுகள், நடனம், சுவருக்கு வர்ணம், சப்பாத்து விநியோகம். சப்பாத்தைக் கையில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். நாங்களும் பக்கத்தில் நின்று சிரித்தோம். அந்தப் படம் இன்னும் எங்கள் கைத்தொலைபேசிகளில் இருக்கிறது.

பஸ் புறப்பட்ட பிறகு, புத்தளத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரும் கணித டீச்சர் எங்களிடம் சொன்னார்: "குறையாச் சொல்றதா நெனைக்காதீங்க. இந்தக் கிழமை ஒத்திகையும் இன்றைய நாளும் சேர்த்து எனக்கு ஆறு பாடவேளை போயிட்டுது. சாதாரண தரப் பிள்ளைகள் அவங்க." இன்னொன்றும் சொன்னார். சப்பாத்து உண்மையாகவே தேவைப்பட்ட பிள்ளைகள் அன்று வரவே இல்லை. வெங்காயம் பிடுங்கும் காலம், கூலி கிடைக்கும் நாட்கள். சில குடும்பங்கள் பருவக்காற்றுக்கு ஏற்ப மீன்பிடி வாடிகளோடு வேறு கரைக்குப் போயிருந்தன. அவர்களின் பெயர் இடாப்பில் இருந்தது, ஆட்கள் கரையில் இருந்தார்கள். வந்திருந்தவர்களுக்கு இரண்டாவது சோடி கிடைத்தது.

இதைச் சொல்வதால் கம்பனியைக் குறை கூறுவதாக நினைக்க வேண்டாம். அவர்கள் எங்களை நம்பி வந்தார்கள். உள்ளூரைத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட நாங்கள் ஒரு தடவைகூட முன்கூட்டிப் போய்க் கேட்கவில்லை. அதிபருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். அதிபர் எப்படி வேண்டாம் என்பார்?

வெளியிலிருந்து பின்தங்கிய கிராமத்துக்குப் போய் உழைப்பது எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. எங்கள் மாகாணத்திலேயே, குருநாகல் மாவட்டத்தில், கனத்தொளுவ என்ற கிராமத்துக்கு 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களோடு போனார். சாதியின் பேரால் மற்றவர்கள் ஒதுக்கி வைத்திருந்த மக்கள் வாழ்ந்த கிராமம் அது. போனவர்கள் அந்த மக்களோடு தங்கினார்கள், அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கேதான் தொடங்கியது. அன்று போனவர்களும் நகரத்துப் பிள்ளைகள்தான், எங்கள் டீசேர்ட் இளைஞர்களைப் போல. ஆனால் தங்கினார்கள். தங்கியதால் எது தேவை என்று கண்ணால் கண்டார்கள்.

எங்களுக்கு அதைவிடக் கிட்டிய உதாரணமும் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் வந்து இறங்கியபோது நாங்கள் ஆரம்பப் பிரிவில் இருந்தோம். இருவர் இருந்த வாங்கில் நால்வர் இருந்தோம். கொப்பியை நடுவில் கிழித்துப் பங்கு போட்ட டீச்சரை இங்கே முன்வரிசையில் காண்கிறோம். அன்று யாரும் எங்களைப் படம் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று டீச்சர் யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை, ஏனென்றால் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர்களோடுதான் இருந்தார்.

மூன்று மாதம் கழித்து, வெறும் கையோடு எத்தாளைக்கு மறுபடியும் போனோம். டீச்சர்மாரோடு மரத்தடியில் இருந்து பேசினோம். குடிதண்ணீர் என்றார்கள். கம்பனிக்கு அறிவித்தோம். உடனே சம்மதித்தார்கள், ஒரு வடிகட்டி வாங்கித் திறப்பு விழாவுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். இந்த இடத்தில்தான் எங்கள் தொழில் உதவியது.

கற்பிட்டிக் குடாநாட்டின் நல்ல தண்ணீர், மணலுக்குக் கீழே உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பது. மணலில் வருடம் முழுவதும் பயிர் செய்கிறோம். இறைக்கும் தண்ணீரோடு பசளையும் கீழே இறங்கி, அதே கிணற்றுக்கு நைத்திரேற்றாகத் திரும்பி வருகிறது. ஆய்வாளர்கள் பல தடவை எழுதிய விடயம் இது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, உவர்ப்பில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு இன்னும் கூடும். சாதாரண வடிகட்டியும் அதைப் பிடிக்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதனால் வரும் உடனடி ஆபத்து குறைவு. ஆனால் பாடசாலைக் கிணற்றிலிருந்து குடம் எடுத்துப்போகிற தாய்மார் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தி குறைந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். சுத்தமான தண்ணீர் என்று ஒரு பெயர்ப்பலகை மாட்டி, அந்தத் தாய்மாரை இன்னும் நம்பிக்கையோடு அதே தண்ணீரை எடுக்கச் செய்திருப்போம்.

விழாவை நிறுத்தச் சொன்னோம். கம்பனிக்குப் பிடிக்கவில்லை, எங்கள் தோழிக்கும் சங்கடம். தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். அளவு 50ஐத் தாண்டியிருந்தது. தேவைப்பட்டது எதிர்ச் சவ்வூடுபரவல் இயந்திரம், எல்லோரும் ஆர்.ஓ. என்கிறோமே, அது. வாங்குவது பெரிய காரியமில்லை. அதன் மென்சவ்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும், முன்வடிகட்டியைக் கழுவ வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். திறப்பு விழா முடிந்து நின்றுபோன இயந்திரத்தைப் பார்க்காத ஊர் இந்தப் பக்கத்தில் உண்டா?

இங்கேதான் முதல் நாள் வந்த அந்த இளைஞர்களில் ஒருவர் முன்வந்தார். கம்பனியில் அவருடைய வேலையே இயந்திரங்களைப் பராமரிப்பது. முதல் நாள் அவர் கையில் நாங்கள் கொடுத்தது வர்ணத் தூரிகை! சுவர் முழுவதும் பட்டாம்பூச்சி வரைந்துவிட்டுப் போனார். கடற்காற்றின் உப்பில் அது ஒரு வருடத்துக்குள் உரிந்துவிட்டது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இயந்திரத்தைப் பார்க்கிறார். பாடசாலைச் சிற்றூழியருக்கும் உயர்தரப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பழக்கியிருக்கிறார். அவரைப் படம் எடுக்க எங்களுக்கு இதுவரை ஞாபகம் வரவில்லை.

கண் விடயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வைத்தியர்கள் என்றதும் ஒரு மருத்துவ முகாம் வையுங்கள் என்று பலரும் கேட்டார்கள். வைக்கவில்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஏற்கனவே செய்கிறது. பார்வை குறைந்த பிள்ளைகளின் பெயர்களும் அங்கே எழுதப்பட்டிருந்தன. எழுதப்பட்டதற்கும் கண்ணாடி மூக்கில் ஏறுவதற்கும் இடையில் ஒரு நாள் கூலி இருக்கிறது, பஸ் காசு இருக்கிறது, ஆஸ்பத்திரி வரிசை இருக்கிறது. "ஒரு நாள் போனா ரெண்டு நாள் சோறு போகும், டொக்டர்" என்றார் ஒரு உம்மா. தொண்டர்கள் செய்தது அந்தப் பிள்ளைகளைத் தாயோடு வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கூட இருந்து கூட்டிவந்ததுதான். முகாம் வைத்திருந்தால் அதே பெயர்களை இன்னொரு கொப்பியில் எழுதியிருப்போம்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து அது நடைமுறை. இலங்கையில் அப்படிக் கட்டாயமில்லை, வருபவர்கள் விரும்பி வருகிறார்கள். அதனாலேயே எங்கள் அதிபர்மார் எதையும் மறுக்கக் கூசுகிறார்கள். தமிழ்நாட்டில் திருநின்றவூருக்கு அருகே கசுவா கிராமத்தில் சேவாலயா என்ற அமைப்பு, பாரதியாரின் பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்துவதைச் சென்னையில் இருக்கும் எங்கள் சகோதரிகள் அறிந்திருப்பார்கள். 1988இல் அதைத் தொடங்கிய முரளிதரன், மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். கம்பனி ஊழியர்கள் அங்கே தொண்டர்களாகப் போகிறார்கள். ஆனால் பள்ளி அவர்களுடைய வருகையை நம்பி நிற்கவில்லை. பள்ளி தன் காலில் நிற்கிறது, வருகிறவர்கள் அதற்குத் தோள் கொடுக்கிறார்கள். எங்களைவிட நிறைய வருடம் முன்னே போனவர்கள் என்பதால் பொறாமையோடுதான் சொல்கிறோம்.

எத்தாளையில் இப்போது நாங்கள் கம்பனிக்குச் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறோம். பாடவேளையில் வரக்கூடாது, சனிக்கிழமை வரலாம். வரவேற்பு, மாலை, நடனம் கிடையாது. எதையாவது கையில் ஏந்தியபடி பிள்ளையைப் படம் எடுக்கக்கூடாது. வருகிறவர் ஒரு தவணைக்காவது தொடர்ந்து வர வேண்டும். இதைக் கேட்டதும் பஸ்ஸில் வந்த கூட்டம் ஐந்து பேராகச் சுருங்கியது. இந்த வருடம் கம்பனியின் தொனிப்பொருள் கடற்கரைத் துப்புரவு என்று மாறிவிட்டதால் வாகனமும் இல்லை. அந்த ஐந்து பேரில் மூவர் சொந்தக் காசில் பஸ் பிடித்து வருகிறார்கள். கம்பனியிடம் மறுபடியும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களை விட்டுவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை, மென்சவ்வின் விலை எங்களால் தனியே தாங்கக்கூடியதல்ல.

1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். பாடநூல் வருகிறது, சீருடைத் துணி வருகிறது. இங்கே இருக்கும் எங்களில் எத்தனை பேர் அந்த இலவசத்தில் படித்து வைத்தியராக, பொறியியலாளராக, வங்கி முகாமையாளராக வந்தோம் என்று கணக்கெடுத்தால் கை தூக்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். நூற்றாண்டுக்கு மண்டபம் கட்ட வெளிநாட்டுச் சகோதரிகள் நிதி அனுப்பியிருக்கிறீர்கள், மிகுந்த நன்றி. அதில் தூண் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை என்று பொருளாளர் முன்னால் சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் கேட்பது இதுதான். சனிக்கிழமைகளில் தரம் 10, 11க்குத் தமிழ் மொழிமூலம் கணிதம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். புத்தளத்திலோ கற்பிட்டியிலோ இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சராக இருந்தாலும் சரி, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் தங்கையாக இருந்தாலும் சரி. பஸ் காசு நாங்கள் தருகிறோம். காலை ஏழு மணிக்குப் புத்தளம் பஸ் நிலையத்தில் நிற்போம். வெங்காயக் காலத்தில் பத்துப் பேர்தான் வகுப்புக்கு வருவார்கள், அதற்கு மனம் சோராதவராக இருக்க வேண்டும். அந்த வெயிலில் மயங்கி விழுந்த சிறுமி இப்போது தரம் 9. அடுத்த தையில் அவளும் அந்த வகுப்புக்கு வந்துவிடுவாள்.