பழைய கணிப்பொறியும் புதிய இயங்குதளமும்
(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. பத்தாம் வகுப்பு வரை படித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்பெழுதிக் காலங்கழிக்கும் எங்களைப் போன்றோர் கற்றோர் நிறைந்த இவ்வவையில் இலக்கியம் பேசத் துணிவது தகாது. ஆகவே, சாந்த்ராகாச்சிக் குடியிருப்பின் பல வீடுகளில் துணி போர்த்தி மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச முன்வந்தோம். பழைய கணிப்பொறிதான் அது.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. கேட்டுப் பதிந்துகொண்ட வீட்டுப் பொறிகளுக்கு மட்டும் ஓராண்டுத் தவணை கிடைத்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, ஏறத்தாழ 2018க்கு முன் செய்யப்பட்ட பெரும்பாலான பொறிகளை ஏற்பதில்லை. பொறி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வங்கிக் கணக்கையும் ஓய்வூதியக் கணக்கையும் அதில் திறப்பது பாதுகாப்பன்று. சாந்தினி சௌக் கடைவீதியில் விசாரித்தால், “புதிது வாங்கிவிடுங்கள்” என்ற ஒரே விடைதான். புதிது வாங்க ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்த மாதம் மட்டும் காத்திருக்குமா?

இந்நிலையில்தான் நாங்கள் மூவர் லினக்சைத் தேடிச் சென்றோம். அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மென்பொருளின் மூலநிரல் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கையோடு 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததே இன்று நாம் லினக்ஸ் என்று அழைப்பது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் லினக்ஸ் என்ற பதிப்பை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசோடு பாஸ் லினக்சும் அதில் இடம்பெற்றது. அதைத் திறந்தே பாராத பிள்ளைகள் பலர் என்று ஊருக்குப் போகும்போது கேள்விப்படுகிறோம். இலவசமாய் வந்ததற்கு மதிப்பில்லை என்று சொல்வதா, திறந்து காட்ட ஆளில்லை என்று சொல்வதா? பின்னதே உண்மையென்று எங்களுக்குப் படுகிறது.

இனி இடையூறுகளுக்கு வருவோம். கோப்பைப் பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் பொறி அதிலிருந்து எழாது. அதற்கென்றுள்ள சிறு நிரலைக் கொண்டு எழுத வேண்டும். எழுதியபின், பொறி கண்விழிக்கும் நொடியில் எஃப்2 அல்லது எஃப்12 போன்ற ஒரு விசையை அழுத்த வேண்டும். எந்த விசை என்பது பொறிக்குப் பொறி மாறும். சில பொறிகளில், ‘ஹார்ட் டிஸ்க்கே காணவில்லை’ என்று நிறுவும் நிரல் கைவிரிக்கும். அடிப்படை அமைப்புப் பக்கத்தில் வட்டின் முறையை மாற்றினால் அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் விண்டோசை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதற்குரிய ஆயத்தங்களைச் செய்யாமல் இதில் கை வைக்கலாகாது.

வட்டைப் பங்கு பிரிப்பது பாகப்பிரிவினை போன்றதுதான். அண்ணனுக்கு எவ்வளவு, தம்பிக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால் சண்டையில்லை. ‘முழு வட்டையும் அழித்து நிறுவுக’ என்றொரு வரி திரையில் நிற்கும். அதைப் படியாமல் விசையைத் தட்டினால் வீடு முழுவதும் தம்பிக்குப் போய்விடும்.

எங்கள் வரிசை வீடொன்றில் ஓர் இளைஞர், எங்களை அழைக்குமுன்பே அமைப்புப் பக்கத்தில் ஏதோ மாற்றிவிட்டார். மறுபடி பொறியைத் தொடங்கியதும், வட்டைப் பூட்டிக் காக்கும் முறை விழித்துக்கொண்டு 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்டது. அப்படி ஒரு பூட்டு இருப்பதே அவ்வீட்டாருக்குத் தெரியாது. பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அனைத்தும் அதற்குள். தந்தையாரோ இன்று இல்லை. அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் கதவருகே நின்றதைக் கண்டு எங்களுக்குக் கை நடுங்கிற்று. ஒரு மணி நேரம் தேடி, விண்டோசில் பதிவு செய்திருந்த கணக்கை வேறொரு பொறியில் திறந்தபோது அவ்வெண் அகப்பட்டது. படங்களை வேறு வட்டில் இரண்டு நகல் எடுத்த பிறகே மற்ற வேலையைத் தொட்டோம்.

அடுத்தது வைஃபை. சில நிறுவனங்கள் தம் அட்டை இயங்கும் முறையை வெளியிடுவதில்லை. ஆகவே லினக்ஸ் அதனை அறியாமல் விழிக்கும். இணைப்புக்கு வேண்டிய நிரலை இணையத்திலிருந்து இறக்க வேண்டும்; இணையத்திற்குச் செல்லவோ இணைப்பு வேண்டும்! இந்தச் சிக்கலைக் கைபேசி தீர்த்தது. மின்னூட்டும் கம்பியால் அதைப் பொறியோடு கோத்து, கைபேசி அமைப்பில் இணையப் பகிர்வைத் திறந்தால் பாதை கிடைத்துவிடுகிறது.

கடிகாரச் சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ரயில்வேக்காரர்களுக்கு அதில் தனிச் சுவை உண்டு. பொறிக்குள் சிறு மின்கலத்தில் ஓடும் கடிகாரம் ஒன்றிருக்கிறது. அது உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்ளும். லினக்ஸோ அதில் உலகப் பொதுநேரத்தை வைக்கும். இரண்டையும் ஒரே பொறியில் வைத்திருப்போர், லினக்சிலிருந்து விண்டோசுக்கு மாறினால் மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்பதைக் காண்பர். பொறி பழுதென்று பதறுவார்கள். பழுதன்று, இரு வேறு வழக்கங்கள். 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொதுநேரம் வருமுன் இந்நாட்டு ரயில்கள் நம் சென்னை நேரத்தைக் கொண்டே ஓடின. அதன் பின்னும் கல்கத்தா நகரம் 1948 வரை தன் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பொதுநேரத்திற்கு ஏறத்தாழ 24 நிமிடம் முந்தியே இருந்தது. ஊருக்கு ஒரு மணி, ரயிலுக்கு ஒரு மணி என்று வாழ்ந்த நகரத்தில் இருந்துகொண்டு, ஒரு பெட்டிக்குள் இரண்டு மணி இருப்பதற்கா மலைப்பது? உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்க என்று லினக்சுக்கு ஒரு வரி ஆணையிட்டால் தீர்ந்தது.

இவை யாவற்றிலும் எங்களை மிகுதியும் வாட்டியது தமிழ்தான். சங்கத்தின் பழைய மலர்க் கட்டுரைகளும் உறுப்பினர் பதிவேடும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. லினக்சில் அவற்றைத் திறந்தோம்; ஒரு தமிழெழுத்தும் இல்லை. ‘அம்மா’ என்றிருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகள் நின்றன. அழிந்துவிட்டனவோ என்று அஞ்சினோம், அழியவில்லை. அக்கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தின் உருவை அமர்த்தியவை. உரிய எழுத்துரு இல்லாத பொறியில் வேடம் கலைந்துவிடுகிறது. அந்த எழுத்துருவை லினக்சில் சேர்த்ததும் தமிழ் தெரிந்தது. ஆயினும் நாளைக்கு அதுவும் கிடைக்காமற் போகலாம். ஆதலின் ஒவ்வொரு கோப்பையும் ஒருங்குறிக்கு மாற்றி வருகிறோம். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே தனி இருக்கை உண்டு. மாற்றும் நிரல்கள் தாமே வேலை செய்யினும், ஒற்றும் கொம்பும் இடம் மாறுவதால் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. இப்பணியில் தாய்மார் இருவர் உதவுகின்றனர். எங்களைவிடப் பிழை காண்பதில் அவர்கள் வல்லவர்கள்.

நிறுவும்போதே மொழிப் பட்டியலில் தமிழும் வங்காளியும் இருக்கின்றன. பள்ளியில் வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் படித்து, ஞாயிறு வகுப்பில் மட்டும் தமிழைக் காணும் நம் பிள்ளைகள், ‘கோப்பு’, ‘திருத்து’, ‘சேமி’ என்ற சொற்களை நாள்தோறும் திரையில் பார்க்கிறார்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்க்கலாம். பெயர்ப்புத் தமிழ் சில இடங்களில் கரடுமுரடாக இருப்பது உண்மையே. ஒரு சிறுமி ‘இதற்கு என்ன பொருள் மாமா?’ என்று கேட்ட சொல்லுக்கு எங்களாலும் விடை கூற இயலவில்லை. ஆயினும் அவள் கேட்டாளே!

நினைவகம் 4 ஜி.பி. உள்ள பொறிக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதுமானது. வட்டைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கவும் முடியும்; ஒலி, வைஃபை, அச்சுப்பொறி மூன்றையும் அப்போதே சோதித்துக்கொள்ளலாம். நாங்கள் சோதித்தவற்றுள் ஓர் அச்சுப்பொறி மட்டும் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது.

ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குச் சங்க நூலக அறையில் இருப்போம். பொறியைக் கொண்டுவருவோர் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு வருக. கணக்கின் கடவுச்சொல்லைத் தாளில் குறித்து எடுத்து வருக. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும், கைபேசிக் கம்பியும் வேண்டும். பாமினியில் அடித்த பழைய கடிதங்கள், திருமண அழைப்புகள் எவரிடமேனும் இருப்பின் அவற்றையும் கொணர்க.