கள்ளத்தோணி என்ற சொல்

(கிளிநொச்சியில் நடந்த சங்கக் கூட்டத்தில் நமது அமைப்பாளர், தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரை. 2025 ஜனவரி)

தோழர்களே, தாய்மாரே,

போன மாதம் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கரைக்கு ஒரு படகு வந்தது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள். நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள். சாப்பாடும் தண்ணியும் கொடுத்தது கரையோரச் சனம்தான். 2009இல் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கிழமை எங்கள் தோட்டத்துக் கடையில் ஒரு அண்ணன் கேட்டார்: "கள்ளத்தோணியில வந்தவங்களுக்கு நாம ஏன் அழணும்? நம்ம லயத்துக் கூரையே ஒழுகுது."

கூரை ஒழுகுவது உண்மை. ஆனால் அந்தச் சொல் நம் பாட்டன் பாட்டியைத் திட்டிய சொல், அண்ணன். 1948இல் ஒரு சட்டம் போட்டு நம்மை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பெரட்டுக்களத்தில் ஆள் பிரிப்பதுபோல் பிரித்தார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. மியன்மாரில் 1982இல் வந்த குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யாக்களுக்குச் செய்ததும் இதுதான். 2017இல் இராணுவம் அடித்து விரட்டியதில் ஏழு இலட்சம் பேருக்கு மேல் பங்களாதேசுக்கு ஓடினார்கள்.

1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! அப்போது வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியிருக்க வழி செய்தது காந்தீயம். அதை நடத்திய மருத்துவர் ராஜசுந்தரத்தையும் டேவிட் ஐயாவையும் 1983இல் பிடித்தார்கள். ராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வன்னியில் எல்லோரும் கைபிடித்து வரவேற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 'தோட்டக்காட்டான்' என்றவர்களும் உண்டு, இன்றைக்கும் காணி உறுதி இல்லாமல் இருக்கிறோம். ஆனாலும் இடம் கொடுத்தவர்கள் இருந்ததால்தான் இந்தப் பிள்ளைகள் இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படகில் வந்தவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு முல்லைத்தீவு விமானப்படை முகாமில் வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பும் பேச்சு நடக்கிறது. அதை எதிர்த்து முல்லைத்தீவில் மக்கள் வீதியில் இறங்கிவிட்டார்கள். இலங்கை 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடாத நாடு. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

சம்பளக் கோரிக்கையை ஒத்திவைக்கச் சொல்லவில்லை. அது அதன் பாட்டில் நடக்கும். இந்த மக்களை மியன்மாருக்குத் திருப்பி அனுப்பாதே, முகாமில் இருக்கும் பிள்ளைகளுக்குப் படிக்க வழி செய் என்று சங்கம் ஒரு மனு எழுதியிருக்கிறது. தாள் பின்மேசையில் இருக்கிறது. பெண்கள் பிரிவுத் தோழியர் வாசித்துக் காட்டுவார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம்.